என் மாமனாரும் மூன்றாவது உலகப் போரும்

பெண் கேட்டுப் போன அன்று என் மாமனார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. அறுபதுகளின் கடைசி. நான் நிலக்கரி ஏற்றிவரும் கப்பலொன்றில் இன்ஜின் அறை வேலையில் இருந்தேன். சம்பளம் என்ன, குடி உண்டா என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். "தம்பி, மூணாவது உலகச் சண்ட வருமா, வராதா? நீ இன்னா நெனிக்கிறே?" என்றார்.

கூட வந்திருந்த என் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அடக்கமாக, "அதெல்லாம் வராதுங்க" என்றேன். நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர் மெதுவாகத் தலையாட்டினார். "எங்க கப்பல்ல இருந்தவங்களும் இப்டித்தான் சொல்லிகினு இருந்தாங்கோ. நம்ம கப்பலுக்கு ஒண்ணும் வராதுன்னு. அதுல பாதிப் பேரு வூடு வந்து சேர்ல. வராதுன்னு சொல்றவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். மிக்சர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தியும் வைத்தார். வெளியே வந்ததும் அம்மா, "அந்த ஆளுக்கு மூள கொழம்பிக் கீதுடா" என்றாள்.

அவர் கதை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் சரக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். அரபிக் கடலில் எங்கோ நீர்மூழ்கிக் கப்பல் அடித்ததில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை வேறொரு கப்பல் தூக்கிப் போட்டுக்கொண்டது. ஊர் திரும்பியவர் அதற்குப் பிறகு கப்பல் ஏறவே இல்லை. பேசின் பிரிட்ஜ் இன்ஜின் ஷெட்டில் சேர்ந்து மறுபடியும் கரிதான் தள்ளினார். "அதே நெருப்புதான். கீழ தண்ணி இல்ல, அவ்ளோதான்" என்பார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவர் மகள் என்னைத் தாண்டிப் போகிறவள் போல வந்து நின்றாள். அதுவரை நாங்கள் இரண்டு வார்த்தை பேசியதில்லை. "எங்க நைனா கிட்ட தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல. அவருக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அன்று மாலையே நான் தனியாகப் போய் நின்றேன். "சண்ட வருமா வராதான்னு எனக்குத் தெரியாதுங்க. வந்தா பயப்படுவேன். ஆனா உங்க பொண்ண நல்லா வெச்சுக்குவேன்" என்றேன். அவர் எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஒரு தட்டு சேத்து வை. இவரு சாப்ட்டுட்டுப் போவாரு" என்றார். எங்கள் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

எப்போதும் போரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அவரைப் போல அனுபவித்து வாழ்ந்தவரை நான் பார்த்ததில்லை. காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறியிருந்தால் மற்றவர்கள் மத்தி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இவர் வஞ்சிரமே வாங்குவார். "சண்ட வந்தா இதெல்லாம் கண்ணுல கூடப் பாக்க முடியாது, இப்பவே தின்னுடு" என்பார். சண்டைக்கு முன்னால் கேட்டுவிட வேண்டிய பாட்டுகள், சண்டைக்கு முன்னால் ஒரு தடவை போய்வர வேண்டிய வேளாங்கண்ணி, சண்டைக்கு முன்னால் மாமியாருக்கு ஒரு பட்டுப்புடவை. நான் கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்து, போகிற வழியில் போர்க்கப்பல் எதையாவது பார்த்தேனா என்று விசாரிப்பார். மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டால் அது ஓர் அறிகுறி. துறைமுகத்தில் புதிதாக ஒரு நாட்டின் கொடி தெரிந்தால் அது இன்னோர் அறிகுறி. அதைச் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைப்பார்.

எழுபத்தொன்று டிசம்பரில் பக்கத்து நாட்டோடு உண்மையாகவே சண்டை வந்தது. நாங்கள் கல்கத்தாவில் கரி ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். வழியில் பாரதீப் துறைமுகத்தில் நிற்கச் சொல்லி உத்தரவு. விளக்கு எரியக் கூடாது, தந்தி அடிக்கக் கூடாது. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிக் கப்பல் திரிவதாகப் பேச்சு. என் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தாய்வீட்டில் இருந்தாள். கப்பல் எங்கே நிற்கிறது என்று கம்பெனியில் கேட்டால், போர்க்காலத்தில் சொல்வதற்கில்லை என்றுவிட்டார்கள்.

பிறகு நடந்தது எல்லாம் அவள் சொல்லி நான் அறிந்தது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். அமெரிக்கக் கப்பற்படை வங்கக் கடலுக்கு வருகிறதாம், பின்னாலேயே ரஷ்யாக்காரனும் வருகிறானாம் என்று ரேடியோவிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சு. மூன்றாவது உலகப் போர் வந்தாயிற்று என்றே சந்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தை விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டு வந்து என் மாமனாரிடம், "நீ சொன்ன மாரியே ஆயிட்சேப்பா" என்றிருக்கிறார். ஊரே அவர் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"யாரு சொன்னது? இது ரெண்டு வூட்டுக்காரன் சண்ட. அமெரிக்காக்காரன் சும்மா கப்பலக் காட்டிட்டுப் போயிடுவான். உலகச் சண்டலாம் வராது" என்றாராம் மாமனார். பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்த அத்தனையையும் அவர் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். டீக்கடையில் சத்தம் போட்டு வாதாடினார். மகளுக்கு எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து வைத்து, "துன்னும்மா. அவன் கப்பல் எதுனா ஒரு தொறமொகத்துல பத்திரமா நின்னுகினு கீது. எனுக்குத் தெரியாதா கப்பலப் பத்தி" என்றார்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போவதாகக் கிளம்புவார். மத்தியானம் வெறும் பையோடு திரும்புவார். மீன் நன்றாக இல்லை என்பார். வெறும் பையோடு இரண்டு மூன்று நாள் வந்ததும் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவர் போனது மார்க்கெட்டுக்கு அல்ல. துறைமுக வாசலில் போய் நின்று, வெளியே வருகிற ஒவ்வொரு மாலுமியிடமும் எங்கள் கப்பல் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். மூழ்கிய கப்பலிலிருந்து வந்தவர், அதுவரை துறைமுக வாசலையே மிதிக்காதவர்.

சண்டை நின்ற பிறகு நாங்கள் சென்னை வந்து சேர்ந்தோம். கரி படிந்த சட்டையோடு துறைமுக வாசலைத் தாண்டினேன். அங்கே மாமனார் கையில் பையோடு நின்றிருந்தார். கட்டிப் பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. என் தோளைத் தொட்டுப் பார்த்தார். கைவிரலில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வந்துட்டியா மாப்ளே. நட, மீனு வாங்கினு போலாம்" என்றார். அன்று அவர் வாங்கிய மீனைச் சந்தில் பாதிப் பேர் சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது என் பக்கம் குனிந்து, "இது சின்னது மாப்ளே. பெருசு இனிமேதான் வரும்" என்றார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை நாள் கழித்து அவள் சிரித்தது அப்போதுதான்.

தை மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கே புகைகிறது என்று அவளுக்கே சொல்லிக்கொண்டு சந்தில் நடப்பார். சில வருஷம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்ன சண்டை அதுவரை வரவில்லை.

இப்போது எங்களுக்கும் வயதாகிவிட்டது. மகளோடு இருக்கிறோம். தொலைக்காட்சியில் வரைபடம் போட்டு, சிவப்பு அம்புகள் பாயவிட்டு, மூன்றாம் உலகப் போர் மூளுமா என்று நாலு பேர் கத்துகிறார்கள். முன்பென்றால் சண்டைச் செய்தி எங்கள் சந்துக்கு வந்துசேர அரை நாள் பிடிக்கும். இப்போது சோற்றில் கை வைக்கும்போதே கூடத்துக்குள் வந்துவிடுகிறது. போன வாரம் அதை நிறுத்திவிட்டு, இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றை என் மனைவியிடம் கேட்டேன். அன்றைக்கு உலகச் சண்டை வராது என்று உன் நைனா சொன்னாரே, நீ நம்பினாயா என்று.

"எங்க நம்பறது? தெனம் தொறமொகத்து வாசல்ல போயி நின்னுகினு இருந்தாரே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா எனக்கோசரம் எங்க நைனா பொய் சொன்னது அந்த ஒரு தபாதான். அதான், சோறு எறங்குச்சு."