ஐறீனை விதவையாக்கிய வசனம்

"வாடகை கேட்டால் வாய் நீளுது, வாளி கேட்டால் கை நீளுது" என்று குசினிக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் மெல்லச் சொல்வது கேட்டது. அடுத்த கணம் வரவேற்பறையில் நின்ற ஐறீன் இடுப்பில் கை வைத்து, அதே வசனத்தை வெள்ளவத்தைக் கடற்கரை வரை கேட்கும்படி சொன்னார்.

கதிரையில் இருந்த நிஷாந்தினி தலையைத் திருப்பினாள். "அன்ரி, உள்ளுக்கு ஆரோ கதைக்கிற மாதிரி கேக்குது."

"ரேடியோ, மகள். ரேடியோ பாடாட்டி அவர் கறிக்கு உப்புப் போடமாட்டார்."

நிஷாந்தினி ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் உதவி இயக்குநர். அதில் வாயாடி வீட்டுக்காரியாக நடிக்க ஆள் தேடி வந்திருந்தாள். ஐறீனை யாரும் நடிக்கக் கூப்பிட்டுப் பன்னிரண்டு வருடங்களாகிவிட்டன. இன்று நன்றாகச் செய்தால் வேடம் அவருக்கு. இல்லாவிட்டால் தெஹிவளையில் இன்னொருத்தி காத்திருக்கிறாள்.

ஐறீன் மூக்கில் கண்ணாடி, கையில் வசனத் தாள். கண்கள் வரி வரியாக நகர்ந்தன. அன்றைய நடிப்பிலேயே அதுதான் பெரிய நடிப்பு. ஏனென்றால் ஐறீனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர், கொன்வென்டில் இங்கிலிஷும் சிங்களமும் மட்டுமே படித்தார். தமிழ் அவர் வாயில் அருவி, தாளில் எறும்பு வரிசை. காலையில் வாட்சப்பில் வந்த வசனத்தைப் போனில் பார்த்து, குசினி அடுப்படியில் நின்று வாசித்துக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் ஒஸ்வால்ட்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல். கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழா நாடகத்தில் கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தபோது, கூட்டத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஐறீனைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். திரைக்குப் பின்னால் வசனம் சொல்லிக்கொடுத்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒஸ்வால்ட். கூச்சத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதர். சோகக் காட்சி நடுவில் அவருடைய குரல் நின்றுவிட்டது. ஐறீன் திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன, நித்திரையோ?"

"பொறும் பிள்ளை, ரெண்டு தாள் ஒட்டிப்போச்சு" என்றது திரை.

"அப்ப நான் அதுவரைக்கும் அழுதுகொண்டே நிக்கிறதோ?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நாடகக்குழுவை நடத்திய நாகமணி வியாபாரம் தெரிந்தவர். அதன் பிறகு அவர் போட்ட நாடகம் எதுவானாலும் ஐறீனுக்கும் திரைக்கும் ஒரு சண்டை நிச்சயம். கொலன்னாவையிலிருந்தும் பேலியகொடையிலிருந்தும் பஸ் பிடித்து வந்த சனம், "திரைக்காரனை வெளியில விடு" என்று கத்தும். ஒஸ்வால்ட் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

அந்தக் கூச்சக்காரரின் இதயத்தில் காதல் புகுந்த விதத்தை என்னவென்று சொல்வது! நேரில் சொல்லத் துணிவில்லாமல், ஒரு நாடகத்தின் நடுவே, தாளில் இல்லாத ஒரு வரியைத் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"என்னைக் கலியாணம் கட்டுவீரோ?"

காதில் விழுவதை வாயில் விடுவதே ஐறீனின் பழக்கம். தாடி ஒட்டிக்கொண்டு அப்பா வேடத்தில் நின்ற நாகமணியின் தோளைப் பிடித்து, உருக்கமாக அதையே கேட்டுவிட்டார். நாகமணியின் தாடி கழன்று விழுந்தது. முன்வரிசையில் இருந்த நாகமணியின் மனைவி எழுந்து நின்றாள். கடைசியில் அந்தக் கேள்விக்கு உரியவரைத்தான் ஐறீன் கட்டினார். பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள், நாடக மண்டபங்கள் கலியாண மண்டபங்களாயின. இவர்கள் இருவரும் ஒரு மாடி வீட்டுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு மிஞ்சினார்கள்.

கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி ஓடி மறைந்தது. குசினிக் குரல் அடுத்த வசனத்தைச் சொன்னது. ஐறீன் பிடித்துக்கொண்டார்.

"என்ர மனுசன் டுபாய்க்குப் போய் எட்டு வருஷம்."

நிஷாந்தினி தன் தாளைப் பார்த்தாள். "அன்ரி, இதில 'செத்து எட்டு வருஷம்' எண்டெல்லோ இருக்கு?"

ஐறீனின் கண் குசினிப் பக்கம் பாய்ந்து திரும்பியது. "ஓம், ஓம். டுபாய்க்குப் போய்ச் செத்தவர்."

"அடுத்த மாசம் லீவில வாறார்" என்றது குசினி. பழக்கதோஷம், ஐறீனும் சொல்லிவிட்டார்.

"செத்தவர் லீவில வாறாரோ, அன்ரி?"

ஐறீன் தாளை மேசையில் அடித்தார். "இஞ்சருங்கோ! உங்களை ஆர் டுபாய் அனுப்பச் சொன்னது?"

"அதில இருக்கிறதை என்னால சொல்ல ஏலாது" என்றது ரேடியோ.

"இது நடிப்பப்பா."

"உமக்கு நடிப்பு. சொல்லித் தாறது நானெல்லோ. போன மாசம்தான் ஆஸ்பத்திரியில நெஞ்சில வயர் ஒட்டிப் பாத்தவங்கள். நான் செத்துப்போனன் எண்டு என்ர வாயால உமக்குச் சொல்லித்தரவோ?"

ஐறீன் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மகள். இனி ஒளிச்சு என்ன செய்ய?"

"அதுக்கென்ன அன்ரி, நான் வாசிக்கிறன். நீங்க சொல்லுங்கோ."

நிஷாந்தினி வாசித்தாள். ஐறீன் திருப்பிச் சொன்னார். ஒரு பிழையும் இல்லை. ஆனால் பஸ் நிலைய அறிவிப்பைப் போல உயிரில்லாமல் வந்தது. முட்டி மோத அந்தப் பழைய குரல் இல்லாமல், சொற்கள் போக்கிடமற்று நின்றன. இன்னொரு தரம் முயன்றார்கள். அதுவும் அப்படியே.

நிஷாந்தினி தாள்களைப் பைக்குள் வைத்தாள். "டிரெக்டரிட்டக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன், அன்ரி." அப்படிச் சொன்னவர்கள் பிறகு கதைத்ததில்லை என்று ஐறீனுக்குத் தெரியும். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம், மகள்" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

குசினித் திரைச்சீலை விலகியது. கையில் அகப்பையோடு, மீன் குழம்பு வாசத்தோடு, ஒஸ்வால்ட் வெளியே வந்தார். ஆயிரம் பேர் கூப்பிட்டும் வராத மனிதர் ஒரேயொரு பெண்பிள்ளை முன்னால் வந்து நின்றார். நிஷாந்தினியைப் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"என்ர மனுசன் செத்து எட்டு வருஷம்" என்றார்.

ஐறீனின் கண் நிறைந்தது. எழுந்து, அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்தார்.

"என்ர மனுசன் செத்து எட்டு வருஷம்."

"அதுக்குப் பிறகுதான் ஃபேன் என்ர பக்கம் திரும்பினது" என்றார் ஒஸ்வால்ட், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"அதுக்குப் பிறகுதான் ஃபேன் என்ர பக்கம் திரும்பினது. ஆனா ஆள் இன்னும் குசினியை விட்டுப் போகேல்ல. அகப்பையும் கையுமா நிக்குது."

"அது தாளில இல்லை" என்றார் ஒஸ்வால்ட்.

"செத்தவர் கதைக்கக் கூடாது."

நிஷாந்தினி சிரித்துச் சிரித்துத் திரும்பவும் கதிரையில் விழுந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனையைத் தேடினாள். "அந்த வரியைத் திருப்பிச் சொல்லுங்கோ, அன்ரி, எழுதவேணும். திங்கட்கிழமை ஷூட்டிங். அங்கிளும் கட்டாயம் வரவேணும்."

"நான் கமராவுக்கு முன்னால நிக்கமாட்டன்."

"பின்னால நில்லுங்கோ."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ஒஸ்வால்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டார். "மகள், அந்தச் செத்த மனுசனுக்குச் சுவரில படம் வைப்பியளோ?"

"மாலை போட்டு வைப்பம், அங்கிள்."

"அப்ப நல்ல வடிவான ஆளாப் பாத்து வையும்."

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். ஒஸ்வால்ட் கதவைச் சாத்தினார்.