அவள் கஞ்சி குடிக்க வேண்டுமென்று ஜெபித்தேன்

மூன்று நாளாக அந்தப் பெண் ஒரு வாய்க் கஞ்சி குடிக்கவில்லை. ரப்பர் விலை விழுந்த வருஷம், ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம். நான் மலாயாவில், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயா. கேரி தீவுத் தோட்டத்திலிருந்து அவளைப் படகில் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். தன் உயிரையும் முடித்துக்கொள்ளப் பார்த்தவள். அது சட்டப்படி குற்றம். அதனால் கட்டிலருகே ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வார்டில் எல்லாருக்கும் அவள் 'போலீஸ் கேஸ்'தான்.

எங்கள் தலைமை நர்ஸ் யாழ்ப்பாணத்து மிஸ்ஸி. "பிழைக்க வந்த சனம் இவ்வளவு பேர் கிடக்கினம், சாக வந்தவளுக்கு என்ன உபசாரம்?" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் கஞ்சிக் கோப்பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போனவள்தான். இப்படி வந்தவர்களுக்கு வார்டில் அதுதான் வழக்கம்.

நான்காம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இரண்டு நாள் தாங்காது என்றார். துணி துவைக்கும் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவ கஞ்சி குடிக்கணும். நான் கல்லு மாதிரி இருந்துட்டேன்" என்று அழுதேன். வேறு ஜெபம் வரவில்லை.

மத்தியானம் கோப்பையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க்கா, அழுதீங்களா? இன்னும் சாப்பிடலியா?"

சாகக் கிடந்தவள் என் பசியை விசாரிக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. "நீ சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று என் சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே திறந்தேன். வார்டுக்குள் ஆயா சாப்பிடவே கூடாது. கருவாட்டு வாசம் மிஸ்ஸியை இழுத்து வந்துவிட்டது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். போலீஸ்காரரை நாற்காலியோடு வராந்தாவுக்கு அனுப்பினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார்.

"கருவாடு இப்ப வேண்டாம், வயிறு தாங்காது. உன்ர பேர் என்ன பிள்ளை?"

"அஞ்சலை."

"அஞ்சலை, ஒரு கரண்டி."

குடித்தாள். கண்ணீரும் கஞ்சியுமாகக் குடித்தாள்.

உடம்பு தேறிக் கோர்ட்டுக்குப் போனவளை மாஜிஸ்திரேட்டும் தண்டிக்காமல் புத்தி சொல்லி விட்டுவிட்டார். அவளுடைய அக்கா வந்து கூட்டிப் போனாள். போன கிறிஸ்மஸுக்கு அஞ்சலை படகேறி வந்தாள், மிஸ்ஸிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. மிஸ்ஸி அவளைக் கையைப் பிடித்து வார்டு முழுக்கக் கூட்டிப் போய்க் காட்டினார்.

அன்பானவர்களே, உங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் உயிரை வெறுத்துக் கிடப்பவர் யாராவது உண்டா? ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டுத் தூர நிற்காதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். என் கல் மனதைக் கரைத்தவர் அங்கேயும் வருவார். அவருக்கே ஸ்தோத்திரம்.