நான் வீசிய நாற்காலி

எங்கள் தோட்டத்துக் கோயிலின் ஆண்டுக் கூட்டத்துக்குக் கிளம்பும் ஆண்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அடிதடியில் கண்ணாடி உடைந்துவிடும் என்ற பயம். பெம்பான் ஊரைத் தாண்டி உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். கூட்டம் முடிந்து அப்பா பொத்தான் இல்லாத சட்டையோடு திரும்புவதும், அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் வீக்கத்துக்குப் பற்றுப் போட மஞ்சள் குழைப்பதும் எங்களுக்கு வருஷா வருஷம் பார்த்துப் பழகிய காட்சி. பிறகு தோட்டம் கைமாறியது. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்தார்கள், எல்லோரும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோனோம். கோயிலும் சுடுகாடும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. சண்டையும்தான்.

தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு என்பது எங்கள் கோயில் வழக்கம். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அவர் கை தூக்குவார், தலைவர் மேடையில் நின்று எண்ணுவார். பல வருஷமாக ஒரே தலைவர்தான். லாரி கான்ட்ராக்டர். ஊரில் பாதி வீட்டில் அவருடைய லாரியை ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். தனக்கு எதிராகத் தூக்கிய கைகளை அவர் எண்ணினாரோ இல்லையோ, நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அக்காவுக்கு ஒரே மகன். ரெம்பியா சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டு, பத்தொன்பது வயதில் செத்துப்போனான். அவனைத் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் புதைத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் புருஷனும் போனார். அவர் செத்த வாரமே கோயில் நோட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். அதோடு அக்கா தலைக்கட்டில் இல்லை. ஆனால் திருவிழா அன்னதானத்துக்கு வருஷம் தவறாமல் அவர்தான் அடுப்படியில் நின்றார்.

என்னைக் கட்டிக்கொடுத்தது தஞ்சோங் கிளிங்கில், அங்கே ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. ஒருநாள் மத்தியானம் அங்கே அக்காவின் போன் வந்தது. மகன் தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டிய கட்டையை அடித்திருக்கிறார்கள் என்றார். விசாரித்தால், சுடுகாட்டின் வழியாக வீடமைப்புக் கம்பெனி ரோடு போடுகிறதாம். எலும்புகளைத் தோண்டி மொத்தமாக எரித்துவிட ‘எல்லாக் குடும்பங்களின் சார்பிலும்’ தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு குடும்பத்தையும் கேட்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலாய் மொழியில் இருந்த கோயில் விதிகளைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். பதினெட்டு வயதான யாரும் உறுப்பினராகலாம், ஓட்டுப் போடலாம் என்று இருந்தது. ஆம்பளை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அத்தனை வருஷம் அடித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் உறுப்பினர் பாரம் நிரப்பி வாங்கினேன். உறுப்பினர்கள் கேட்டால் புதுத் தேர்தல் வைத்தாக வேண்டும் என்று விதியில் இருந்ததால், தலைவர் வேறு வழியில்லாமல் சிறப்புக் கூட்டம் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் கூட்டம். மீ நூடுல்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டியாகக் கொண்டுபோயிருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார். நான் விதியை மலாயில் படித்து, தமிழில் சொன்னேன். முடிப்பதற்குள் தலைவரின் தங்கை மகன், முப்பது வயது ஆள், பெட்டியை எட்டி உதைத்தான். என் தம்பி அவன் சட்டையைப் பிடித்தான்.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் கடவுளுக்குத்தான் தெரியும். ஓரமாகக் கிடந்த கூடாரத்து இரும்புக் குழாயை எடுத்து ஒருத்தன் சுழற்றினான். பூசாரியின் நெற்றி பிளந்து விபூதியெல்லாம் சிவப்பானது. தம்பியைக் கீழே போட்டு நான்கு பேர் மிதித்தார்கள். விலக்கப் போன என் வாயில் ஒரு குத்து விழுந்து பல் ஆடியது. இரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது தலைவர் கொட்டகை ஓரமாக நழுவிக்கொண்டிருந்தார். மடக்கு இரும்பு நாற்காலி ஒன்று கைக்கு அகப்பட்டது. அவர் மண்டையை உடைக்க வேண்டும் என்றே வீசினேன். இன்றைக்கும் அதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

அவர் குனிந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அக்கா, நசுங்கிய பெட்டியை எடுத்து மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். நாற்காலியின் விளிம்பு அவர் வலது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தலைவர் ஆட்கள் தாலியறுத்த பொம்பளையின் கையை உடைத்துவிட்டார்கள் என்று யாரோ கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் எழுதியபோது திறந்தேன். நாற்காலியை எறிந்தது தலைவரின் தங்கை மகன் என்று சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அக்கா, அந்த நாற்காலி, என்று இழுத்தேன்.

“தெரியும்லா. ஒங் கையிலேருந்து வந்தத நாந்தான் பாத்தேனே,” என்றார். “இப்ப வாயத் தொறக்காத. ஓட்டு முடியட்டும். எம் பையன் கெடக்கிற எடம் நெலைக்கட்டும். அப்புறம் எல்லார் முன்னாலயும் நீயே சொல்லிரணும், என்ன?”

சொல்லிவிடுகிறேன் என்று அவருடைய இடது கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த உடைந்த கைதான் ஊரைத் திருப்பியது. தலைவரின் லாரியை ஓட்டியவர்களே அவரைக் காறித் துப்பினார்கள். தங்கை மகன் இரண்டு நாள் லாக்கப்பில் கிடந்தான். வெளியே வந்து வீடு வீடாகச் சத்தியம் பண்ணினான். ஒருத்தரும் நம்பவில்லை. அடுத்த கூட்டத்தில் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்க, ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று சீட்டுப் போட்டோம். முதல் சீட்டு அக்காவுடையது. இடது கையால் அதை மடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. தலைவர் தோற்றார். புது நிர்வாகம் கையெழுத்தை வாபஸ் வாங்கியது, சுடுகாட்டுக் கட்டைகளைப் பிடுங்கிப்போட்டோம். செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதன் பிறகு மூன்று ஆண்டுக் கூட்டங்களை நடத்திவிட்டேன். யார் எதைக் கேட்டாலும் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நானே சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக வருவது ‘இதர விஷயங்கள்’. அப்போது முன்வரிசையில் இருக்கும் அக்கா, முழுசாக நீட்ட வராத கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். தங்கை மகன் பின்னால் கதவோரம் தனியாக உட்கார்ந்திருப்பான். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று நான் மைக்கில் கேட்பேன். மூன்று முறையும் கொஞ்ச நேரம் காத்திருந்து, நன்றி சொல்லி, எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னேன்.