தொண்ணூற்றாறு

அப்பாவுக்கு முதலில் வந்தது இருமல் இல்லை, நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கம். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு நடந்து வரும்போது திடீரென்று நின்று சயனைடு மேட்டைப் பார்ப்பார். தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. பிறந்ததிலிருந்து பார்த்த மேட்டில் புதிதாக என்ன இருக்கிறது? கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு வாசலில் நின்று, அதுவரை பேசியே இராத ஆளிடம் நலம் விசாரிப்பார். வயதானதும் மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தேன். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் நிற்கிறார் என்று புரிவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சிலிக்கோசிஸ் என்றார் (கல்தூள் நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாக இறுகிப்போகும் நோய்). அவர் வேலை பார்த்த மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் கழித்தா என்று கேட்டேன். தூசி அன்றைக்கே உள்ளே போய்விட்டது, அதன் வேலை இன்னும் முடியவில்லை என்றார். குணமாகாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் மருத்துவம்.

வீட்டுக்கு இரண்டு சாமான்கள் வந்தன. ஒன்று கான்சன்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்). இன்னொன்று ஆக்சிமீட்டர் (விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்). அதன்பிறகு நான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாங்கள் பௌத்தக் குடும்பம். ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கும் பைலகுப்பே மடாலயத்தில் பொன்னாகப் பளபளக்கும் பெரிய புத்தரைப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் தோண்டி எடுத்ததையெல்லாம் எங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாமே என்று கிண்டல் வேறு. என் கணவர் சேகர் வேன் ஓட்டுபவர். பழைய டெம்போ வேன் ஒன்றில் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இயந்திரம் ஓட ஒரு இன்வெர்ட்டர் என்று எல்லாம் பொருத்தி அதை ஒரு சின்ன வீடாக்கியிருந்தார். போகலாம் என்றார் டாக்டர். ஆனால் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும் என்றார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் சேகர் பக்கத்தில் முன்சீட்டில் நான், திரைக்குப் பின்னால் கட்டிலில் அப்பா, அவர் காலடியில் அம்மா. கோலார் தாண்டியதுமே ரேடியேட்டர் குழாய் பிளந்து புகை கிளம்பியது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். அதோடு என் நிம்மதி போயிற்று. ஒரு கண் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளில், ஒரு காது பின்பக்கத்தில். சும்மா சும்மா கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எவ்ளோப்பா காட்டுது?"

"தொண்ணூத்தி ஆறு."

வீட்டில் தொண்ணூற்றிரண்டைத் தாண்டாத மனிதர். வெளியூர்க் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து சேகரிடம் பெருமையாகச் சொன்னேன். பெங்களூர் தாண்டியும் தொண்ணூற்றாறு. மத்தூரிலும் தொண்ணூற்றாறு.

மத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது. டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. இன்வெர்ட்டர் வீல் வீலென்று கத்தியது. சேகர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். இயந்திரம் நிற்பதற்குள், அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும் என்று நான் பின்கதவைத் திறந்தேன்.

கிளிப் அம்மாவின் விரலில் இருந்தது.

முந்தானைக்குள் கையை மறைக்கப் பார்த்தாள் அம்மா. பிடுங்கி அப்பாவின் விரலில் மாட்டினேன். எண்பத்து மூன்று. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிவிட்டு, பாதையோரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அம்மாவிடம்தான் அதிகம் கத்தினேன். கோலாரிலேயே எண்பத்தேழுதான் காட்டியது, இந்த ஒரு தடவை மட்டும் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டார், நான் என்ன செய்ய என்று அம்மா அழுதாள்.

அப்பா மூச்சை இடையிடையே நிறுத்திப் பேசினார். "மைன்ஸ்ல சளி டெஸ்ட் வெச்சா, நெஞ்சு கெட்டவன் நல்லா கீறவன் சளிய வாங்கி டப்பால குடுப்பான். அன்ஃபிட்னு எழுதிட்டா சுரங்கத்துக்குள்ள போற கேஜ்ல எறங்க முடியாது. எத்தினி பேருக்கு என் சளிய குடுத்துகீறேன் தெரியுமா? இப்ப எனக்கு உங்கம்மா குடுத்தா."

எனக்குச் சிரிப்பும் வந்தது. அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஆம்புலன்ஸில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தழும்பேறிய நுரையீரலின் மேல் நிமோனியாவும் சேர்ந்திருந்தது (கிருமி தாக்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது). எப்போதிலிருந்து இறங்குகிறது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். யாருடைய எண்ணைச் சொல்வது?

வேனைக் கட்டி இழுத்துவந்து ஆஸ்பத்திரி மைதானத்தில் நிறுத்தினார் சேகர். டைனமோவுக்குப் பாகம் வர வேண்டியிருந்தது. அதுவரை வண்டி அசையவில்லை, ஆனால் வீடாக இருந்தது. அதில்தான் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினோம், அதில்தான் அம்மா தூங்கினாள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வார்டிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து வார்டுக்குமாக நடந்தபடி, டாக்டரிடமும் மெக்கானிக்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். சரியாகிவிடுமா? இருவரும் பார்க்கலாம் என்றார்கள்.

காய்ச்சல் விட்டதும் அப்பா தானாகவே பேசினார்.

"மூச்சு நின்னுடும்னு பயமில்லம்மா. நம்பர் கொறைஞ்சா நீ வண்டிய திருப்பிடுவ. இன்னா கேட்டாலும் திருப்பிடுவ. அதான் பயம்."

அது உண்மைதான். நோய் வந்த நாளிலிருந்து அவர் எங்கே உட்கார வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்தக் கிளிப்பைப் பார்த்து நான்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அன்ஃபிட் எழுதும் ஆபீசராக நான் ஆனதால் அவர் மறுபடியும் மைன்ஸ்காரர் ஆனார்.

"இனிமே உங்கள கேக்காம திருப்ப மாட்டேன்," என்றேன். "ஆனா வெரல் உங்களுதா இருக்கணும்."

தலையாட்டினார். டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர், இந்த நுரையீரலுக்கு எண்பத்தெட்டு வரை பயப்பட வேண்டாம், அதற்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான், புத்தரைப் பார்க்காமலே ஊருக்குத் திரும்பினோம்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று மட்டும் சொல்வேன். எண்ணைத் தூரத்திலிருந்து கேட்காதீர்கள். பக்கத்தில் போய் விரலைப் பாருங்கள். அப்படியே முகத்தையும் பாருங்கள்.

இப்போது ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் தனியாக வரும்போதுகூட, அப்பா நிற்கும் இடங்களில் என் கால்கள் தாமாக நிற்கின்றன. நான் தினமும் ஆபீஸ் ரயிலுக்கு ஓடுகிறவள்தான். எனக்கு மேல்மூச்சு வாங்கினால் இப்போது அது என் காதில் கேட்கிறது. முன்பு கேட்டதில்லை. சயனைடு மேட்டில் மழை அறுத்த கோடுகளையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி மறுபடியும் சாமான் ஏற்றினோம். அப்பா கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கை வெளியே வந்தது. விரலில் கிளிப்.

"என்துதான். பாத்துக்கோ."

எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு என்று கேட்டபோதெல்லாம் வராத நிம்மதி அந்த எண்ணில் வந்தது.

"போலாமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். அவர் பதில் சொல்லும்வரை கை ஜன்னலிலேயே இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.