தமிழ்நாட்டு சிம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் ஓடும். மூளை பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வந்து சேரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த வாயால் என் ஒரே தம்பியை இழக்கப் பார்த்தேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம் கேரளத்தில், செங்கல் என்கிற ஊரில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆட்டோவில் இருபது நிமிடம். அதற்குள் ஒரு மாநிலம் மாறும், பஸ்ஸின் நிறம் மாறும், மீன் விலையும் மாறும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அங்கே தம்பியும் அவன் மனைவியும் மகளும் இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் யாராவது ஆதார் நகலைக் கையெழுத்துப் போட்டு மேசைமேல் அப்படியே வைத்துவிட்டுப் போனால் கூப்பிட்டுத் திட்டுவேன். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதுங்கள், இல்லாவிட்டால் எவனோ உங்கள் பெயரில் வண்டி வாங்குவான் என்பேன். வக்கீல் சிரிப்பார். அப்படி ஊருக்கு உபதேசம் செய்த எனக்குத்தான் அது நடந்தது.

போன வருடம் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தோம். அவர் தேறி வந்ததும், ஒழுகுகிற கூரையை மாற்றலாம் என்று லோனுக்குப் பாறசாலையில் ஒரு பேங்குக்குப் போனோம். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மலையாளத்தில், "சேச்சியுடெ பேரில் வேறெ ஒரு லோண் உண்டல்லோ" என்றாள். மொபைல் ஆப் வழியாக வாங்கிய எண்பதாயிரம். மூன்று தவணை கட்டியிருக்கிறது, அப்புறம் கட்டவில்லை. என் கிரெடிட் ஸ்கோர் குழிக்குள் கிடந்தது. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

"எனக்க பேருல வேற எவளாவது இருப்பா. நல்லா பாருங்க" என்றேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். என் பெயர், அப்பா பெயர், என் பிறந்த தேதி, என் பான் நம்பர்.

எங்கள் பக்கம் வெப்ராளம் என்று ஒரு சொல் உண்டு. நெஞ்சுக்குள் இருப்புக் கொள்ளாமல், உட்காரவும் முடியாமல் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்து தவிப்பது. அன்றைக்கு அது என்னைப் பிடித்தது. கறியில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஒரு மனுவில் வாதியின் இடத்தில் பிரதிவாதியின் பெயரை அடித்துவைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போனை எடுத்து மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். எவனோ ஒருத்தன் என் பெயரை உடுத்துக்கொண்டு ஏதோ ஊரில் திரிகிறான் என்ற நினைப்பு சகிக்கமுடியாததாக இருந்தது.

மறுநாள் அந்தக் கடன் கம்பெனியின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். வக்கீல் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று கொஞ்சம் மிரட்டியும் வைத்தேன். நான் வாங்காத கடனுக்கு மூன்று தவணை கட்டியது யார் என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய பையன் தயங்கிவிட்டு, பணம் வந்த கணக்கின் பெயரை வாசித்தான். அது என் தம்பியின் பெயர்.

போலீசுக்குப் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். போனால் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். அதைச் செய்ய என்னால் முடியாது. ஆனால் சும்மா இருக்கவும் முடியாது. அவரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அம்மா நோயில் கிடந்தபோது என் கார்டுகள் எல்லாம் மாதக்கணக்கில் அந்த வீட்டு அலமாரியில்தான் கிடந்தன என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எல்லாம் பொருந்தியது. கோபத்தில் இருப்பவளுக்கு எதுதான் பொருந்தாது.

தம்பி முற்றத்தில் ரப்பர் ஷீட்டை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். நான் உள்ளேகூடப் போகவில்லை.

"எலே, எனக்க லோனுக்கு நீ பைசா கெட்டுனியா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"கெட்டுனேன்" என்றான்.

"என்னத்துக்கு?"

மறுபடியும் அவரைப் பார்த்தான். "மீதியும் நானே கெட்டுகேன் அக்கா. இத இதோட விடு" என்றான்.

விடுகிற ஆளா நான். இதைவிடத் தெளிவாக ஒருத்தன் எப்படி ஒப்புக்கொள்வான். அந்த முற்றத்தில் நின்று நான் பேசியதை எல்லாம் இங்கே எழுதக் கூசுகிறது. அம்மைக்க வயித்துல பொறந்த கள்ளன் என்றேன். கூடப்பிறந்தவள் பெயரை விற்றுத் தின்றவன் என்றேன். பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டு மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. பார்த்தும் நான் குரலைத் தாழ்த்தவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஷீட்டின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி வாசலுக்கு வந்தாள், அவளுக்குப் பின்னால் மகளும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் அவன் மகளைச் சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் நடந்தது. அழைப்பு வீட்டுக்காரரின் போனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அவர் மட்டும் போய்விட்டு ஒரு பெட்டி கேக்கோடு வந்தார். நான் தொடவில்லை. அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் நான். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெப்ராளம் மட்டும் போகவில்லை. ஒருதடவை என் பெயரில் வாங்கியவன் இன்னொரு தடவை வாங்கமாட்டான் என்று என்ன நிச்சயம். சித்தியின் மகள் அமெரிக்காவில் நர்ஸ். அவளிடம் போனில் புலம்பியபோது, "அக்கா, இங்க நம்ம கிரெடிட் ரிப்போர்ட்டயே ஃப்ரீஸ் பண்ணிப்போடலாம். பிறகு நாம தொறக்காம ஒருத்தனும் நம்ம பேருல ஒண்ணும் வாங்க ஒக்காது" என்றாள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. இங்கே அந்தமாதிரி ஒரே பூட்டு கிடையாது என்று விசாரித்ததில் தெரிந்தது. தவறான கடன் என்று ரிப்போர்ட் கம்பெனிக்குப் புகார் எழுதலாம், ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். அதையாவது செய்வோம் என்று ஒரு மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

பூட்டுவதற்கு ஓடிபி வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்தது. என் போனுக்கு வரவில்லை. மறுபடியும் அனுப்பச் சொன்னேன். அப்போதும் வரவில்லை. போன் நம்பரின் கடைசி நாலு எண்களை மட்டும் திரையில் காட்டியிருந்தார்கள். அது என் நம்பர் இல்லை. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அது என் நம்பர்தான், பழைய நம்பர்.

எல்லையில் குடியிருக்காதவர்களுக்கு இது புரியாது. ஒருகாலத்தில் களியக்காவிளையைத் தாண்டினால் போன் ரோமிங்கில் விழும், வருகிற அழைப்புக்கும் காசு போகும். அதனால் எங்கள் பக்கத்தில் பலரிடமும் இரண்டு சிம் இருந்தது, இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. அம்மாவைப் பார்க்க அங்கே தங்கியிருந்தபோது பஞ்சாயத்தில் ஆதார் முகாம் நடந்தது. கூட்டம் இல்லையென்று நானும் அங்கேயே எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டு விலாசம், அந்தத் தமிழ்நாட்டு சிம்மின் நம்பர். பிற்பாடு ரோமிங் காசு போயிற்று. இரண்டாவது சிம் என்னத்துக்கு என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன். அது செத்துப்போனதாக நினைத்துக்கொண்டேன். நம்பர் சாகாது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது மேசைமேல் நகல் வைத்தவர்களைத் திட்டிய எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நான் என் பெயரைச் சொன்னதும், "ஏ, நீங்கதானா அது" என்றாள், தொலைந்த ஆடு கிடைத்த மாதிரி. "ஒங்களுக்கு வர்ற மெசேஜ் பூரா எனக்குத்தாம்மா வருது, மூணு வருசமா. கடன்காரன் ஒருத்தன் தெனமும் போன் போட்டு ஏசுதான். நான் அவ இல்லய்யான்னு சொல்லிச் சொல்லி வாய் நோவுது."

அதற்கு முன்னால் ஏதாவது நம்பர் கேட்டு யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன்.

"ஆமா. பேங்க்ல இருந்துன்னு ஒருத்தன் பேசுனான். ஒங்க பேரச் சொன்னான், அவங்க நம்பர் இதுதான், ஒரு மெசேஜ் வந்திருக்கும், அதப் படிங்கன்னான். ஒங்களுக்கு நல்லதாத்தான் இருக்கும்னு படிச்சுச் சொன்னேன். தப்பாம்மா?"

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தப்பில்லை என்றேன். என் கார்டு விவரங்கள் அவனுக்கு எங்கே கிடைத்தன என்று இன்றுவரை தெரியாது. ஆனால் என் தம்பிக்கு அதில் பங்கு இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அப்படியானால் அவன் ஏன் கட்டினான்?

வக்கீலிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கென்று அந்த பஸ் எல்லா ஸ்டாப்பிலும் நின்றது. இறங்கி நடந்தேன், பாதி தூரம் ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

தம்பி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்க் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நான் மூச்சு வாங்கியபடி, "எலே மக்கா, அந்த லோன் நீ எடுக்கல்ல எண்ணு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "அப்பம் நீயும் எடுக்கல்லியா?" என்றான்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அவன்தான் சொன்னான். தவணை கேட்டு ஒருத்தன் இந்த விலாசத்துக்கு வந்தானாம். அவன் காட்டிய காகிதத்தில் என் பெயரும் ஆதாரும் இருந்தன. வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது.

"ஆஸ்பத்திரி செலவுக்கு எடுத்திருப்பா, எனக்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்து மடிச்சிருப்பா எண்ணு நினச்சேன். ஒங்கிட்ட கேட்டா நீ நாணப்படுவியே. அதாக்கும் ஒங்கிட்ட ஒண்ணும் மிண்டாம கெட்டுனது. பிறகு மழை பெய்து ரப்பர் வெட்டு நிண்ணு போச்சு, கெட்ட ஒக்கல்ல."

"அண்ணைக்கு நான் வந்து கேட்டப்பம் இதச் சொல்லியிருக்கலாமே."

"அத்தான் ஒனக்குப் பின்ன நிக்காரு. அவருக்குத் தெரியாம எடுத்துப்போட்டு, இப்பம் மாட்டிக்கிட்டு நீ நாடகம் போடுகே எண்ணு நினச்சேன். அவருக்கு முன்ன வச்சு ஒன்ன நான் எப்படிக் காட்டிக் குடுப்பேன் அக்கா?"

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். நான் அவனைத் திருடன் என்று நம்பி ஊருக்குக் கேட்கும்படி கத்தினேன். அவன் என்னைக் கடன்காரி என்று நம்பி, என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் கப்பில் தண்ணீர் மொண்டு, முகத்தைக் கழுவச் சொல்லி நீட்டினான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளதான் எல்லாம் கேட்டுட்டு நிண்ணா. அவகிட்ட ஒரு வாக்கு சொல்லு" என்றான்.

உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நோட்டை மூடினாள். உன் அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை, மாமிதான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. "எனக்கு அப்பளே தெரியும். எங்கிட்ட சொன்னா போதுமா மாமி? பள்ளிக்கூட ஆட்டோவில எல்லாருக்கும் தெரியும். கள்ளனுக்க மக எண்ணு ஒருத்தி கூப்பிடுகா" என்றாள்.

அவள் தலையில் கைவைக்கப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஆதாரில் நம்பரை மாற்றிக் கைரேகையைப் பூட்டுவது, ரிப்போர்ட்டுக்குப் புகார், போலீசில் மனு எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தன. அந்தக் கடன் என் பெயரிலிருந்து போகச் சில மாதம் ஆயிற்று. அன்று சாயங்காலம் நான் செய்தது வேறு. வெளியே வந்து, தம்பி கூப்பிடக் கூப்பிட நிற்காமல், பக்கத்து வீட்டுப் படி ஏறினேன். அன்றைக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தவள்தான் கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் சங்கடப்பட்டு என் கையைப் பிடித்தாள்.

"அய்யோ, அதெல்லாம் நாங்க அப்பளே மறந்தாச்சு" என்றாள்.

"மறக்கண்டாம்" என்றேன். "வீட்டுல எல்லாரையும் விளிங்க. அண்ணைக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமா இதயும் சொல்லணும்."