இரண்டு மொழியிலும் கேட்பவர்

"மத்தவங்க கஷ்டப்படறதப் பார்த்தா உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமா?"

டீக்குச் சீனி போடவா என்று கேட்கிற அதே குரலில் கேட்டுவிட்டு, சந்திரமதி டேப்லெட்டை மடியில் வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் தேக்கா சாப்பாட்டுக் கடைகள். எதிரே பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி வேலாயுதத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. என்னக்கா இப்படிக் கேட்கிறீர்கள் என்கிறார். சந்திரமதியின் புருவம்கூட அசையவில்லை. கேட்பவர் முகம் அசைந்தால் சொல்பவர் பதில் மாறிவிடும் என்பார்.

மனிதர்களுக்குள் இருக்கும் இருண்ட குணங்களை அளக்கும் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் தமிழ்ப் பகுதி இவருடையது. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் ஒரே கேள்விகள். ஒரு மொழியில் 'ஆமாம்' குறைந்தால், அந்த மொழிக்காரர்கள் நல்லவர்களா அல்லது கேள்விதான் அப்படிக் காதில் விழுகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. அளக்கப்படும் குணங்கள் மூன்று. அவற்றுக்குச் சந்திரமதி வீட்டுப் பெயர் வைத்திருக்கிறார்: தான்தான் என்பது, காய் நகர்த்துவது, ஈரமில்லாதது. எங்கள் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கில் இவர் கண்ணுக்குத் தப்பியவர் யாருமில்லை. என்னிடம் முதலாவது கொஞ்சம் தூக்கலாம். எழுதுகிறவன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

வீடுகளுக்குப் போனால் ஆளைக் கையோடு புளோக்கின் திறந்த கீழ்த்தளத்துக்கு அழைத்து வந்துவிடுவார். மாடியிலேயே கேட்டால், மகனுக்கான கேள்விக்கு அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொல்வாள். "என் புள்ள தங்கம்னு போட்டுக்குங்க" என்று ஓர் அம்மா உத்தரவே போட்டாளாம்.

இவர் அடிக்கடி சொல்வது செங்காங் பகுதிப் பையன் ஒருவனைப் பற்றி. நான் மற்றவர்களைவிட உயர்ந்தவன் என்ற வரியைத் தமிழில் வாசித்ததும், "சேச்சே, அப்படில்லாம் இல்ல ஆன்ட்டி" என்று நெளிந்தான். ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்கச் சொன்னான். கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆஃப் கோர்ஸ்" என்றான். ஒரே ஆள், ஒரே நாற்காலி. அன்றிலிருந்து, ஒரு மொழியில் மட்டும் கேட்டு எவரையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

நம்பாததற்கு வேறு காரணமும் உண்டு. கணவர் தேன் ஒழுகப் பேசுவார். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில், அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே மகள் சங்கீதா, சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது இவருக்குத் தூக்கம் போய்விட்டது. பையன் கோயம்புத்தூர்க்காரன். அவன் குடும்பத்தை இங்கே அறிந்தவர் எவருமில்லை. அம்மா வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று சங்கீதா வேறு சொல்லிவிட்டாள்.

"பயமா இருக்கு தம்பி. எனக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது லா. ஒரு தடவ பார்த்து ஏமாந்தாச்சு," என்றார் என்னிடம். ஊரையே அளக்கிறவர் இப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சென்ற சனிக்கிழமை ஸ்ரீநாத்தைக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்தார். நான் துணை. டேப்லெட் இல்லை, வெறும் பேச்சு. மழை, பேருந்து நெரிசல் என்று சுற்றிவிட்டு, நாலு பேர் நம்மைக் கவனிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுமா என்று நைசாக நுழைத்தார். தோன்றும், ஆபீசில் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் வருத்தமாக இருக்கும் என்றான் பையன். இப்படியே நாலைந்து கேள்வி. பிறகு, அதுவரை அவனிடம் தமிழைத் தவிர வேறு பேசாத மனுஷி, திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவினார். அதுவும் பேச்சு ஆங்கிலமில்லை, கேள்வித்தாளில் அச்சடித்த ஆங்கிலம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அதே பதில்களைத்தான் சொன்னான். கடைசிப் பதிலையும் சொல்லிவிட்டு அவரை நேராகப் பார்த்தான்.

"ஆன்ட்டி, இது உங்க சர்வே கேள்விதானே? சங்கீதா சொல்லியிருக்கா. நேராவே கேட்டிருக்கலாம். எனக்குக் கஷ்டமா இருக்கு."

சந்திரமதி மறுபடி மழைக்குத் தாவப் பார்த்தார்; அவன் விடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். அடுத்தவங்களுக்குத் தெரியாமலே அவங்ககிட்டேர்ந்து வேணுங்கறத வாங்கிக்குவீங்களா? உங்க சர்வேல மாதிரியே ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க. அஞ்சுன்னா முழுக்க உண்மை."

எந்தப் பதிலுக்கும் அசையாத அந்த முகம் சிவந்து போனது. என்னைப் பார்த்தார். நான் என் கோப்பியைப் பார்த்தேன். வலக்கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். நாலில் நின்றார். பிறகு கட்டைவிரலையும் விரித்தார். கையை இறக்காமலே, இடக்கையால் போனைத் துழாவி எடுத்து, சாப்பாட்டுக்கு அரிசி ஒரு கப் கூடப் போடும்படி மேலே வீட்டிலிருந்த மகளிடம் சொன்னார்.