தொட்டிலைச் சுற்றி வெள்ளை உருண்டைகள்

என் தங்கச்சி மகனுக்குத் தொட்டில் போட்ட அன்று படம் எடுத்தது நான்தான். கல்யாணம், சீமந்தம் என்று ஊரெல்லாம் கேமரா தூக்கிப் பிழைக்கிறவள், சொந்த வீட்டு விசேஷத்தில் சும்மா இருப்பேனா? திருவொற்றியூரில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டை ஒட்டியே அவள் வீடு. அறையில் வெளிச்சம் போதாது, பிளாஷ் போட்டுத்தான் எடுத்தேன்.

படங்களை அனுப்பிய மறுநாளே தங்கச்சி போனில் அழுதாள். தொட்டிலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள் மிதக்கின்றனவாம். செத்துப்போன யாரோ வந்து நிற்கிறார்கள், அதனால்தான் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு விடவில்லை என்று மாமியார் சொல்லிவிட்டாராம். மூன்று மாதக் குழந்தை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய் அலைந்து ஓய்ந்து போயிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் எடுத்த படத்தில் பேயா? கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணு, இன்னா வேணா சொல்லுவ. இது காத்து கருப்பு இல்லாம வேற இன்னாம்மா?" என்றார். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தூக்கமில்லாமல் சிவந்திருந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் என் வேகம் பாதி இறங்கிவிட்டது.

பிள்ளை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு, முன்னறையில் பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்தேன். மங்கலாக வந்தது, உருண்டை ஒன்றுகூட இல்லை. பிறகு ஜன்னல் திரையை நன்றாக உதறிவிட்டு, பிளாஷ் போட்டு எடுத்தேன். படம் முழுக்க உருண்டைகள்.

"பாருங்க அத்தை, லென்சுக்குப் பக்கத்துலயே பிளாஷ் கீது. எதுருல பறக்கிற தூசி மேல அந்த வெளிச்சம் பட்டுத் திரும்புது. ரொம்பக் கிட்ட கீறதால தெளிவா வுழாம வட்டமாத் தெரியுது. அவ்ளோதான். பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"மெய்யாலுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். முகத்தில் உயிர் வந்தது. எனக்கு டீ போட அடுப்படிக்குப் போனார். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

தங்கச்சி மட்டும் தன் போனில் முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குத் திரைய யாரும் ஒதறலியேக்கா."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன்.

"சும்மாவே இம்மாந் தூசி கீதா இந்த வூட்ல? இதெல்லாம் அவன் மூச்சுலயா போவுது?" வெளியே ஒரு லாரி போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "பேய்னா மந்திரிச்சு வுட்டா போய்டும்னு நெனச்சேன். இத்த இன்னாக்கா பண்றது?"

இவளுக்குப் பேயையாவது விட்டு வைத்திருக்கலாமோ என்று இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கொஞ்ச நாளிக்குப் புள்ளயத் தூக்கிக்கினு என் வூட்டுக்கு வந்துடுடி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொடுங்கையூருக்கா? குப்பமேட்டுப் பொகையிலயா வந்து கெடக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள் அறையில் பிள்ளை இருமத் தொடங்கினான்.